தடைக்காலத்து மஞ்சள்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் காசிமேட்டில் லாஞ்சுகள் கரையை விட்டு நகராது. மீன் முட்டையிடும் காலம் என்று கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகளுக்குத் தடை. இப்போது அது 61 நாள். 2017-இல்தான் அப்படி நீட்டினார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது 45 நாள், மே 29 நள்ளிரவோடு முடியும். அந்த நாட்களில் மீன்பிடித் துறைமுகத்தில் தண்ணீரே தெரியாது. லாஞ்சுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வரிசை வரிசையாகக் கட்டிக் கிடக்கும். எங்கு பார்த்தாலும் பெயின்ட் வாசனை, பிரித்துப் போட்ட இஞ்சின், தரையில் விரித்த வலை. என் நைனா பகலில் வீட்டில் இருந்ததை நான் பார்த்தது அந்த நாட்களில்தான். மற்ற மாதங்களில் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற லாஞ்சில் போய்விடுவார். வந்தால் தூங்குவார், எழுந்தால் மறுபடி கிளம்புவார்.

2008-இல் அந்த 45 நாளுக்குள் ஒரு கிரிக்கெட் டீம் வந்து உட்கார்ந்தது. ஏப்ரல் 18-ஆம் தேதி ஐபிஎல் தொடங்கியது. கடலுக்கு லீவு, எங்களுக்கும் பரீட்சை முடிந்து லீவு. சென்னை சூப்பர் கிங்ஸ் எப்படி எங்கள் குப்பத்து டீம் ஆனது என்று யாராவது கேட்டால் நான் தோனியிலிருந்து தொடங்க மாட்டேன், தடைக்காலத்திலிருந்துதான் தொடங்குவேன். கார்த்திகை மாதத்தில் இந்த ஆட்டத்தை வைத்திருந்தால் எங்கள் தெரு ஆண்கள் பாதிப் பேர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

தோனி எங்கள் வீட்டுக்கு வந்தது ஏலச் செய்தியாக. அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்பாள். அவளுக்கு முன்னால் ஆயா அதே வேலையைச் செய்தவள். ஏலம் என்றால் இரண்டு பேருக்கும் காது தானாகத் திரும்பும். பிப்ரவரி 20-ஆம் தேதி மும்பையில் வீரர்களை ஏலம் விட்டார்கள். மறுநாள் காலையில் அண்ணன் பேப்பரை விரித்து வைத்துச் சத்தமாகப் படித்தான். தோனிக்கு 15 லட்சம் டாலர், நம்ம காசுக்கு 6 கோடி. முரளிதரன் 6 லட்சம் டாலர். ரெய்னா ஆறரை லட்சம்.

வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்தாள். "மீன வச்சிக் கூவுற மாரி மனுசன வச்சிக் கூவுறாங்களாடா?"

"ஆமா ஆயா. கிங்ஸ்டன் தொரை மாரி எடுக்கறவங்க எல்லாம் கைய தூக்கறாங்க."

கிங்ஸ்டன் துரை என்று ஒருவரும் கிடையாது. பெரிய ஆளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அண்ணன் அப்படி ஒரு பெயரை இழுத்துவிடுவான்.

அந்த ஏலத்தில் ஒரு நுணுக்கம் இருந்தது. அதைச் சரியாகப் பிடித்தவர் எதிர்வீட்டு மாமா. அவர் துறைமுகத்தில் ஏலம் கூவுகிறவர். ஒவ்வொரு டீமும் 50 லட்சம் டாலருக்குள்தான் ஆள் எடுக்கலாம். மும்பைக்குச் சச்சின், கொல்கத்தாவுக்கு கங்குலி, பெங்களூருக்கு திராவிட் என்று சில ஊர்களுக்கு ஏலம் இல்லாமலே ஒரு நட்சத்திர வீரரை ஒதுக்கியிருந்தார்கள். அவருக்கு, அந்த டீமில் ஏலத்தில் அதிக விலை போனவரைவிட 15 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். தோனிக்கு மும்பை விலை ஏற்ற ஏற்ற, சச்சினுக்கும் சேர்த்து ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் அவர்களால் கை தூக்க முடியவில்லை. சென்னைக்கு அப்படி ஒதுக்கப்பட்ட ஆள் யாரும் இல்லை, அதனால் கை கட்டப்படாமல் இருந்தது. "கூடையில ஏற்கெனவே வஞ்சிரம் வச்சிருக்கிறவன் ரெண்டாவது வஞ்சிரத்துக்கு யோசிப்பான். காலிக் கூடைக்காரன் தூக்கினு பூடுவான்" என்றார் மாமா. நான் பிறகு எத்தனையோ கட்டுரைகளில் அந்த ஏலத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன். மாமா சொன்ன அளவுக்குத் தெளிவாக எவரும் சொல்லவில்லை.

டீமை வாங்கியது இந்தியா சிமெண்ட்ஸ், விலை 9 கோடியே 10 லட்சம் டாலர். ஒரு சிமெண்ட் கம்பெனி ஊரின் பெயரில் டீம் வைத்திருப்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வித்தியாசமாகவே படவில்லை. சென்னை லீக் கிரிக்கெட்டே வெகுகாலமாகக் கம்பெனி டீம்களால் ஓடியதுதான். எங்கள் வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் என்று போனால் ஊரையே கம்பெனி பெயரால்தான் அடையாளம் சொல்வார்கள்: விம்கோ நகர், லேலண்டு கேட், என்ஃபீல்டு. சித்தப்பா திருவொற்றியூரில் டயர் கம்பெனி வாசலில் டீக்கடையில் இருந்தார். 1946-இல் அதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்., 90-களில் சச்சின் மட்டையில் ஸ்டிக்கராக உலகம் சுற்றியதைத் தன் சொந்தச் சாதனை மாதிரி சொல்வார். எங்கள் தெருவில் இருந்த ஒரே நல்ல மட்டையிலும் அந்த எழுத்துகள் இருந்தன. அண்ணன் பேனாவால் எழுதியது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மஞ்சள் டீமுக்கு முன்பே சென்னைக்கு ஒரு தொழில்முறை டீம் இருந்தது. சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் என்று பெயர். ஜீ குழுமம் நடத்திய இந்தியன் கிரிக்கெட் லீக்கில் ஸ்டூவர்ட் லா தலைமையில் ஆடி, 2007 டிசம்பரில் பஞ்ச்குலாவில் நடந்த முதல் கோப்பையை அவர்கள்தான் ஜெயித்தார்கள். ஹேமங் பதானி அதில் இருந்தார். தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடிய பையன்கள் பலர் இருந்தார்கள். இந்திய வாரியம் அந்த லீக்கை ஏற்கவில்லை, ஆடினவர்களுக்கு எல்லாக் கதவையும் சாத்தியது. 2009-இல் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. சேப்பாக்கத்தில் ஒரு பந்துகூட ஆடாமல் சென்னைக்குக் கோப்பை கொண்டுவந்தவர்கள் அவர்கள். அந்தப் பெயரை இன்று ஒருவரும் எடுப்பதில்லை. இது நியாயமில்லை என்றுதான் நான் எப்போதும் நினைக்கிறேன்.

ஆட்டத்தைப் பார்ப்பதற்கு ஒரு தடை இருந்தது. அரசு தந்த இலவச கலர் டிவி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் 2003-லிருந்தே சென்னையில் கட்டணச் சேனல் பார்க்க செட்டாப் பாக்ஸ் வேண்டும். ஐபிஎல் வந்த செட் மேக்ஸ் கட்டணச் சேனல். பாக்ஸ் எங்கள் தெருவில் ஏலக்கார மாமா வீட்டில் மட்டும்தான். முதல் ஆட்டம் ஏப்ரல் 19, மொகாலியில் பஞ்சாபோடு. மாமா டிவியை ஜன்னலுக்குத் தூக்கி வந்து, தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார். பின்னாத வலைக்குவியல் மேல் ஆண்கள், வாசற்படியில் பெண்கள், சாக்கடை மூடி மேல் நாங்கள். ஹஸ்ஸி 54 பந்தில் 116. சென்னை 240. மட்டையில் பட்ட பந்து எங்கே போகிறது என்று தெரிவதற்குள் அடுத்தது பறந்தது. யாரோ பெரியவர், "இவன் இன்னா ஊர்க்காரன்?" என்று கேட்டார். ஆஸ்திரேலியா என்றான் அண்ணன். "இருக்கட்டும், நம்ம ஆளு" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று முதல் நான் ஸ்கோர் எழுதத் தொடங்கினேன். கணக்கு நோட்டின் பின்பக்கம்தான் என் ஸ்கோர் புத்தகம். ஏப்ரல் 23, சேப்பாக்கத்தில் முதல் ஆட்டம்: சென்னை 208, மும்பை 202, ஹேடன் 81. அதைச் சிவப்பு மையால் எழுதி அடியில் கோடு போட்டேன். பையன்கள் ஆட, பெண் பிள்ளைகள் எழுதலாம் என்று தெருவில் ஒரு ஏற்பாடு தானாக உருவாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் எவன் எத்தனை ரன் எடுத்தான் என்ற சண்டை வந்தால் கடைசிச் சொல் என்னுடையது.

பையன்கள் ஆடியது எண்ணூர் நெடுஞ்சாலையில். கடற்கரையில் ஏன் ஆடவில்லை என்று தெற்கே இருக்கிறவர்கள் கேட்பார்கள். எங்களுக்குக் கடல் உண்டு, கரை கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவரைக் கடலுக்குள் கட்டியபோது, தெற்கிலிருந்து வரும் மணல் சுவரில் தட்டி மெரினாவில் சேர்ந்துகொண்டது. ராயபுரத்திலிருந்து வடக்கே மணல் வராமல் கடல் உள்ளே வந்தது. தெருத்தெருவாக ஊர் போன பிறகு கருங்கல்லைக் கொட்டினார்கள். சேப்பாக்கத்துக்கு எதிரே அத்தனை அகல மணலும், எங்கள் வாசலில் கருங்கல்லும் இருப்பதற்கு ஒரே சுவர்தான் காரணம். கல்லுக்குள் போன பந்து திரும்பாது.

அதனால் ரோடுதான். துறைமுகத்துக்குள் போக வேண்டிய கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் மைல் கணக்கில் வரிசையில் நிற்கும். சில நாள் காலையில் நின்ற லாரி மறுநாள்தான் நகரும். டிரைவர்கள் லாரிக்கு அடியில் துணி விரித்துத் தூங்குவார்கள், சிலர் ஸ்டவ் பற்ற வைத்துச் சமைப்பார்கள். இரண்டு லாரிக்கு நடுவே கிடைக்கிற இடம்தான் பிட்ச். டிரெய்லரின் பின் டயர் ஸ்டம்பு. டயரில் பட்டால் அவுட், மட்கார்டில் பட்டால் அவுட் இல்லை. கன்டெய்னரின் தகரத்தில் நேராக அடித்தால் நாலு, அந்த "டங்" சத்தமே அம்பயர். கூரைக்கு மேல் ஏறினால் அவுட், பந்தையும் அடித்தவனே எடுத்து வர வேண்டும். வரிசை நகரத் தொடங்கினால் ஆட்டம் பாதியில் நிற்கும், ஸ்டம்பே கிளம்பிப் போய்விடும். அடுத்த லாரி வந்து நின்றதும் அதே ஸ்கோரில் தொடர்வார்கள். ஒரு நாள் ஆந்திரா லாரி டிரைவர் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, காமன் ஆளாக இரண்டு பக்கமும் பேட்டிங் செய்தார். என் நோட்டில் அவர் பெயர் "லாரி" என்று இருக்கிறது: 14, 9.

மே 10, சனிக்கிழமை. சேப்பாக்கத்தில் பஞ்சாபோடு ஆட்டம். டிக்கெட் வாங்கும் காசோ, வரிசையில் நிற்க ஆளோ எங்களிடம் இல்லை. வலை ஊசியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த நைனா திடீரென்று எழுந்து சட்டை போட்டார். "பாக்க முடிலனா இன்னா, சத்தமாச்சும் கேட்டுனு வருவோம் வாங்க."

ராயபுரத்தில் ரயில் ஏறினோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் கிளம்பிய ஸ்டேஷன் அது, நைனா அதைச் சொல்லாமல் அங்கே ஏற மாட்டார். பீச்சில் இறங்கிப் பறக்கும் ரயிலுக்கு மாறினோம். சேப்பாக்கம் ஸ்டேஷன் பிளாட்பாரம் உயரத்தில் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாயும் மைதானத்தின் முதுகும் பக்கத்திலேயே. எங்களைப் போலவே டிக்கெட் இல்லாத கூட்டம் அங்கே நின்றது. கையில் டிரான்சிஸ்டர் வைத்த ஒருவர், செல்போனில் வீட்டுக்குப் பேசிப் பேசி ஸ்கோர் கேட்டுச் சொல்கிற ஒருவர், தோளில் குழந்தையோடு ஒரு அப்பா. ரயில்வே போலீஸ்காரர் வந்து "வண்டி வந்தா ஏறுங்க" என்பார். வண்டி வரும், போகும், கூட்டம் அப்படியே நிற்கும். கொஞ்ச நேரத்தில் அவரும் ஸ்கோர் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று நான் ஒன்று கற்றுக்கொண்டேன். கண்ணால் பார்க்காமலே சேப்பாக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். நாலு என்றால் சத்தம் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். ஆறு என்றால் முதலில் ஒரு மூச்சு இழுப்பு, பிறகு இடி. எதிராளி அடித்தால் மைதானம் காலி மாதிரி இருக்கும். விக்கெட் விழுந்தால் சத்தம் அடங்காமல் விசிலாக மாறி நீளும். இருட்டிப்போன பிறகு கடைசி ஓவர். இர்ஃபான் பதான் நிற்கிறவரை பஞ்சாபுக்கு வழி இருந்தது. பாலாஜி போட வந்தார் என்று செல்போன்காரர் சொன்னார். ஒரு பெரிய சத்தம். விசில் இறங்குவதற்குள் இன்னொன்று. பிளாட்பாரமே வாயை மூடிக்கொண்டது. மூன்றாவது சத்தம் வந்தபோது அது காதில் கேட்டதா, காலடியில் சிமெண்ட் தரையில் அதிர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக், நம்ம ஊர்ப் பையன் லட்சுமிபதி பாலாஜி எடுத்தது. நைனா என்னைத் தூக்கி பிளாட்பார பெஞ்ச் மேல் நிறுத்தினார். அண்ணன் இரண்டு விரலை வாய்க்குள் விட்டு அடித்த விசிலில், கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பல தடவை டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்து ஆட்டம் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தத்தை உள்ளிருந்து நான் கேட்டதே இல்லை.

அந்த ஆண்டு இறுதிப் போட்டி ஜூன் 1. தடை முடிந்து லாஞ்செல்லாம் கடலுக்குப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. மாமா வீட்டு ஜன்னலுக்கு எதிரே பெண்களும் பிள்ளைகளும்தான். நவி மும்பையில் ராஜஸ்தானோடு சென்னை 163. கடைசிப் பந்து வரைக்கும் போய், பாலாஜி போட, தன்வீர் அடித்த ரன்னில் தோற்றோம். அண்ணன் சாப்பிடாமல் படுத்தான். அதைவிட எனக்கு நினைவிருப்பது நைனா திரும்பிய காலைதான். வட சென்னை அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டு கண்ணில் பட்டால் கரை வந்தது என்று கணக்கு, அந்தத் தூரத்தில்தான் செல்போனுக்கும் சிக்னல் வரும். எங்கள் வீட்டில் செல்போன் அம்மாவிடம் மட்டும் இருந்தது, லாஞ்சில் டிரைவரிடம் மட்டும். துறைமுகத்தில் ஐஸ் பெட்டியைப் பிடித்து இறக்கிக்கொண்டே நைனா என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினார். நான் தலையை ஆட்டினேன். "எத்தினியில?" என்றார். "கடைசி பால்ல" என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குக் குனிந்தார்.

2009-இல் தேர்தல் என்று போட்டியைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அரையிறுதியோடு முடிந்தது. அந்த வருஷத்துப் பக்கங்கள் என் நோட்டில் குறைவு.

2010 ஹேடனின் வருஷம். டெல்லியில் அவர் ஒரு விநோத மட்டையை எடுத்து வந்தார். கைப்பிடி நீளம், அடிக்கிற பலகை குட்டை, மங்கூஸ் என்று பெயர். 43 பந்தில் 93. மறுநாளே எங்கள் தெருவில் ஒன்று தயாரானது. உடைத்த லாஞ்சின் பலகை ஒன்று துறைமுகத்தில் கிடந்தது. படகு ஆசாரி ஒருவரிடம் கெஞ்சி அதை அறுத்து வாங்கினார்கள். கைப்பிடிக்குத் துடுப்பின் முறிந்த துண்டு. இரண்டையும் சேர்த்து ஆணி அடித்து, மேலே நைலான் நூலை நைனா தானே சுற்றித் தந்தார், வலைக்குப் போடுகிற அதே முடிச்சில். அந்த மட்டையின் கனத்துக்கு அதைத் தூக்கவே தெம்பு வேண்டும். பலகையில் ஊறிய உப்பு வெயிலில் வெள்ளையாகப் பூத்து உள்ளங்கையில் ஒட்டும். அடி விழுந்தால் மட்டும் பந்து இரண்டு கன்டெய்னர் தாண்டும். அந்த ஏப்ரல் 3-இல் முரளி விஜய் சேப்பாக்கத்தில் 56 பந்தில் 127 அடித்தபோது, "நம்ம மட்டை இருந்தா 200 அடிச்சிருப்பான்" என்றான் அண்ணன். முழு நம்பிக்கையோடு சொன்னான்.

அந்த வருஷம் ஏப்ரல் 18, தர்மசாலா. கடைசி ஓவரில் 16 வேண்டும், தோற்றால் வெளியே. தோனி இர்ஃபானை நாலு, ரெண்டு, ஆறு, ஆறு என்று முடித்துவிட்டுத் தன் ஹெல்மெட்டைத் தானே குத்திக்கொண்டார். எப்போதும் முகத்தில் ஒன்றும் காட்டாத மனிதர் அப்படிச் செய்ததைப் பார்த்து ஆயா, "பாவம், புள்ள எத்தினி நாளா அடக்கி வச்சினு இருந்துதோ" என்றாள். ஆயாவுக்கு ராஞ்சி எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஏப்ரல் 25 இறுதிப் போட்டி, தடைக்காலம், நைனா வீட்டில். மும்பையை 22 ரன்னில் ஜெயித்தோம், ரெய்னா 57. பொல்லார்டு அடித்துக்கொண்டே போனபோது தோனி ஹேடனைப் பந்து போடுகிறவருக்குப் பின்னால் கிட்டத்தட்ட நேர்கோட்டில் நிறுத்தினார். அங்கே யாரும் ஆள் வைக்க மாட்டார்கள். பந்து நேராக அங்கேயே போனது. "மீன் எங்க ஓடும்னு பாத்து வலை வுட்டான்" என்றார் நைனா. அந்த வருஷம் எம்.சி. ரோட்டில் அண்ணனுக்கு ஒரு மஞ்சள் பனியன் வாங்கினோம். முதுகில் 7, நெஞ்சில் ஏர்செல். இரண்டு சலவையில் 7-இன் தலை உரிந்து 1 ஆகிவிட்டது. அவன் அதைக் கழற்றவில்லை.

ஆனாலும் எங்கள் தெருவுக்கு மிகவும் நெருக்கமானவர் யார் என்றால் நான் அஸ்வின் என்பேன். அவர் மேற்கு மாம்பலம், நாங்கள் காசிமேடு. இடையில் இருக்கிற தூரம் கிலோமீட்டரில் மட்டும் இல்லை. ஆனால் அவர் நடுவிரலால் சுண்டிவிட்ட பந்து எங்களுக்குத் தெரிந்த பந்து. டிவியில் கேரம் பால் என்றார்கள். சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்து ஆடுகிறவர்கள் அதை சொடக்கு பால் என்பார்கள். வடசென்னைக்கு கேரமைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன்; எங்கள் தெருமுனை மன்றத்தில் பவுடர் தூவிய பலகை இரவு பத்து மணிக்கும் காலியாக இருக்காது. ஸ்ட்ரைக்கரைச் சுண்டிச் சுண்டிக் காய்த்துப்போன விரல்கள் தெருவெங்கும் இருந்தன. அஸ்வினைப் பார்த்த பிறகு அத்தனை விரலும் பந்தைத் தேடின. கேரம் மன்றத்து அண்ணன்கள், அதுவரை கிரிக்கெட்டைத் திரும்பிப் பார்க்காதவர்கள், சாயந்திரம் லாரி வரிசைக்கு வந்து பௌலிங் கேட்டார்கள்.

2011 இறுதிப் போட்டி மே 28, சனிக்கிழமை, சேப்பாக்கத்திலேயே. தடை முடிய ஒரு நாள்தான் பாக்கி. மறுநாள் நள்ளிரவு லாஞ்சுகள் கிளம்ப வேண்டும். அன்று பகல் முழுக்கத் துறைமுகம் கொதித்தது. டீசல் டேங்க் நிரப்புகிறார்கள், ஐஸ் கட்டிகளை உடைத்துக் கீழ் அறையில் கொட்டுகிறார்கள், அரிசி மூட்டை, காய்கறி, தண்ணீர் கேன், விளக்கு கட்டுதல், பூசணிக்காய். அதற்கு நடுவே எல்லா லாஞ்சிலும் ஒரே பேச்சு: கெயில். அந்த வருஷம் 608 ரன் எடுத்தவர். பெங்களூருக்கு அவர் நின்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வேலை முடிந்து எல்லோரும் டீசல் கையோடு மாமா வீட்டு வாசலுக்கு வந்தார்கள். விஜய் 95, ஹஸ்ஸி 63, மொத்தம் 205. பிறகு கெயில் இறங்கினார். புதுப் பந்தை எடுத்தது அஸ்வின், சுழல் பந்துக்காரர், முதல் ஓவரே. தெரு மூச்சு விடவில்லை. பந்து மட்டையின் ஓரத்தைத் தொட்டு தோனி கையில் போனது. சுழியம். மாமா வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கேரம் மன்றத்து அண்ணன் ஒருவர் விரலைச் சொடுக்கிச் சொடுக்கி எல்லோரிடமும் காட்டினார், தானே போட்ட மாதிரி. நைனா என்னைத் தேடி வந்து, "எழுதினியா? எழுதினியா?" என்று கேட்டார். 58 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். அந்த வருஷம் சேப்பாக்கத்தில் ஒரு ஆட்டத்தில்கூடச் சென்னை தோற்கவில்லை. மறுநாள் நள்ளிரவு லாஞ்சுகள் கிளம்பியபோது துறைமுக வாயில் முழுக்க விசில். பல்லாண்டாக அந்தக் கிளம்பலைப் பார்த்த ஆயா, இத்தனை சந்தோஷமாக ஆம்பிளைகள் கடலுக்குப் போய்த் தான் பார்த்ததில்லை என்றாள்.

2012-இல் அதே மைதானத்தில், 190 அடித்தும், கொல்கத்தாவின் பிஸ்லா அடித்த 89-இல் தோற்றோம். அதன் பிறகு வந்தவற்றை நான் வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அவை என் சிறுவயதில் சேராதவை. சூதாட்ட வழக்கு, 2015 ஜூலையில் லோதா குழு டீமுக்கு விதித்த இரண்டு ஆண்டுத் தடை. ஆடினவர்கள் மேல் தெருவில் யாருக்கும் கோபம் இல்லை. நடத்தினவர்கள் மேல் எனக்கு இன்றும் இருக்கிறது. ஒரு ஊர் தன் பெயரை நம்பிக் கொடுத்ததற்கு அவர்கள் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும். டீம் இல்லாத அந்த நாட்களில்தான் வர்தா புயல் அடித்தது, 2017 ஜனவரியில் எண்ணூர் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, பையன்கள் வாளியால் அள்ளினார்கள். 2018-இல் டீம் திரும்பியபோது காவிரிப் போராட்டம். சேப்பாக்கத்தில் ஒரே ஆட்டத்தோடு புனேவுக்குப் போய், கோப்பையோடு வந்தார்கள். அப்போது நான் கல்லூரியில்.

அண்ணன் 2012-இலேயே பள்ளிக்கூடத்தை விட்டு நைனாவோடு லாஞ்சில் ஏறிவிட்டான். லாரி வரிசையில் மங்கூஸ் மட்டை கைமாறியது. அவனுக்கென்று ஒரு செல்போன் வந்தது. தடை தொடங்கும் முன்பு ஏப்ரல் முதல் இரண்டு வாரம்தான் அவனுக்குச் சங்கடம், ஆட்டம் இங்கே, அவன் அங்கே. கரையை நெருங்கி, புகைக்கூண்டு தெரிந்து, சிக்னல் கிடைத்த நொடியில் எனக்குத்தான் கூப்பிடுவான். ஹலோ கிடையாது, "ஸ்கோர்?" என்பான்.

2013 ஏப்ரல் 13. பெங்களூர் 165. லாஞ்சுகள் எல்லாம் தடைக்கு முன் திரும்பிக்கொண்டிருந்தன. கடைசி ஓவர் நடக்கும்போது போன் அடித்தது. இஞ்சின் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்து வந்து போனது.

"ஒரு பால், ரெண்டு ரன்னு. ஜடேஜா நிக்கிறாரு" என்று கத்தினேன்.

"யாரு போடறா?"

"ஆர்.பி. சிங்."

பந்து ஜடேஜா மட்டையில் பட்டுப் பின்பக்கம் எகிறியது. அங்கே நின்றவர் பிடித்துவிட்டார். "அவுட்டு!" என்று நான் அலறினேன். அதே மூச்சில் அம்பயர் கை பக்கவாட்டில் நீண்டது. நோ பால். அதற்கு ஒரு ரன், ஓடியதற்கு ஒரு ரன். தெருவே எழுந்துவிட்டது. நான் போனில் "ஜெயிச்சிட்டோம், ஜெயிச்சிட்டோம்" என்று கத்துகிறேன், அந்தப் பக்கம் சிக்னல் எப்போதோ போய்விட்டது.

அவன் கரை சேர்ந்ததும் அம்மாவும் நானும் துறைமுகத்துக்குப் போனோம். உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நைனாவும் அப்படித்தான். ஐஸ் தூக்குகிற பையன் ஒருவன் பலகையில் ஏறிவந்து அவன் முதுகில் ஒரு அறை விட்டான்.

"இன்னாடா ஜெயிச்ச அன்னிக்கி எழவு வூடு மாரி கீறீங்க?"

அண்ணன் கயிற்றை அப்படியே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "அவுட்டுன்னு சொன்னியேடி!"

"நோ பாலுடா" என்றேன்.

"நைனா! நோ பாலாம்!"